கன்னியாகுமரிக்குப் போனால் எந்த இலையில் உட்காரலாம்?

அறுவடை முடிந்து கையில் நாலு காசு புழங்கும் நேரத்தில், குடும்பத்தோடு கன்னியாகுமரிக்கு ஒரு நடை போய்வருவது விவசாயக் குடும்பங்களில் பலருக்கும் வழக்கம். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவார்கள். சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் மலை இறங்கிய கையோடு வந்து சேருவார்கள். பத்துப் பேர் சேர்ந்து வேன் பிடித்துப் போனால், வாடகைக்கு அடுத்தபடியாகப் பணம் கரைவது சாப்பாட்டில்தான். ‘கடலைப் பார்த்தது நிறைவாக இருந்தது, சாப்பாடுதான் சரியில்லை’ என்று சொல்லிக்கொண்டு ஊர் திரும்புகிறவர்களும் நிறைய. காரணம், அந்த ஊரில் நல்ல சாப்பாடு இல்லை என்பதல்ல. அது இருக்கும் இடம் வேறு.

குமரியம்மன் கோயிலைச் சுற்றியுள்ள சன்னதித் தெருவிலும், கடற்கரைக்கு இறங்கும் முதன்மைச் சாலையிலும் இருக்கும் உணவகங்கள் வெளிமாநிலப் பயணிகளை நம்பி நடப்பவை. குஜராத்தி தாலி, ராஜஸ்தானி தாலி, வங்காளிச் சாப்பாடு என்று இந்தியிலும் வங்காளத்திலும் பலகை தொங்கும். அவர்கள் வெகுதூரம் தாண்டி வருகிறார்கள். தங்கள் ஊர் ரொட்டியும் பருப்பும் கிடைத்தால் போதும் என்று நினைப்பதில் தவறில்லை. ஆனால் அந்தத் தட்டில் இருக்கும் கோதுமையும் உருளைக்கிழங்கும் லாரியில் வந்தவை. கன்னியாகுமரி மாவட்டத்து மண்ணில் விளைந்தது அதில் ஏறக்குறைய எதுவும் இராது. தஞ்சாவூரிலிருந்தோ தருமபுரியிலிருந்தோ போகிற ஒரு குடும்பம் அதே தாலியை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, குமரிச் சாப்பாடு இவ்வளவுதான் என்று முடிவுகட்டுவதுதான் பரிதாபம்.

சூரியன் உதிக்கும் முன்பே

காலையில் சூரிய உதயம் பார்க்க எல்லோரும் கடற்கரையில் கூடுவார்கள். பார்த்து முடித்ததும் மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் பக்கத்து உணவகங்களுக்குள் நுழையும். இட்லி வருவதற்கே அரை மணி நேரம் ஆகும். விவேகானந்தர் பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் போகும் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகப் படகுகள் காலை 8 மணிக்குத்தான் புறப்படத் தொடங்கும். ஆனால் விடுமுறை நாட்களில் அதற்கு வெகு முன்பே வரிசை நீண்டுவிடும். பிள்ளைகளும் வயதானவர்களும் வெறும் வயிற்றோடு வெயிலில் நிற்க நேரிடும். அதனால் கடற்கரைக்குப் போகும் வழியிலேயே, விடியுமுன் திறந்திருக்கும் சின்னக் கடைகளில் புட்டும் பயறும் பப்படமும் கிடைத்தால் சாப்பிட்டுவிடுவது நல்லது. புட்டுக்குத் தொட்டுக்கொள்ளப் பழம் கேளுங்கள். கேட்கும்போது ‘மட்டிப் பழம் இருக்கா?’ என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். அது ஏன் என்பது பின்னால் வருகிறது.

ஊருக்குள் தங்குபவர்களுக்கு இன்னும் இரண்டு இடங்கள் உண்டு. நாகர்கோவில் சாலையில் விவேகானந்தபுரத்தில் உள்ள விவேகானந்த கேந்திர வளாகத்தின் உணவுக்கூடத்தில் ஆடம்பரம் இல்லாத சைவ உணவு கிடைக்கும். தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ‘ஓட்டல் தமிழ்நாடு’ கடலைப் பார்த்தபடி இருக்கிறது.

அவியலுக்குள் ஒரு தோட்டம்

மதியச் சாப்பாட்டுக்குக் கடற்கரையை விட்டுக் கிளம்புவதே நல்லது. கொட்டாரம், சுசீந்திரம் வழியாக நாகர்கோவில் போகிற சாலையிலும், நாகர்கோவில் நகருக்குள்ளும் உள்ளூர்க்காரர்கள் சாப்பிடும் உணவகங்கள் நிறைய இருக்கின்றன. நாகர்கோவில் சுமார் 20 கிலோமீட்டர்தான். பேருந்து அடிக்கடி உண்டு. எப்படியும் சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலுக்குப் போகப் போகிறீர்கள். மதியத்தை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டால் செலவும் குறையும், சாப்பாடும் அந்த மண்ணின் சாப்பாடாக இருக்கும். எந்தக் கடை என்று தெரியாவிட்டால், கடை வாசலில் வெளியூர் வேன் நிற்கிறதா, உள்ளூர்ப் பதிவெண் இருசக்கர வண்டிகள் நிற்கின்றனவா என்று பாருங்கள். இதைவிட நம்பகமான அடையாளம் வேறில்லை.

கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்தது. அதன் ருசி இன்றும் இலையில் தெரியும். அவியல், எரிசேரி, துவரன், புளிசேரி, தீயல் எனத் தேங்காய் சேராத கறி என்று பார்த்தால் ரசம்தான் மிஞ்சும். சோறு தடித்த அரிசிச் சோறு. கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரு போகங்களிலும் இங்கே ஏ.எஸ்.டி.16, டி.பி.எஸ்.3 போன்ற குட்டையான, பருமனான அரிசி ரகங்களையே விரும்பிப் பயிரிடுகிறார்கள். டி.பி.எஸ். என்பது நாகர்கோவிலை அடுத்த திருப்பதிசாரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தைக் குறிக்கும். பொன்னி சாப்பிட்டுப் பழகிய கைக்கு முதல் கவளம் ஒட்டாது. மீன் குழம்பை ஊற்றிப் பிசைந்த பிறகுதான் இந்தத் தடித்த சோற்றின் அருமை தெரியும். நாஞ்சில் நாட்டு நெல் வயல்களில் பெரும்பகுதி தென்னையாகவும் வாழையாகவும் வீட்டுமனையாகவும் மாறிப்போன நிலையில், அந்தச் சோறு இலையில் விழுவதே பெரிய காரியம்.

அவியலை விவசாயி ஒருவர் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். சேனை, வாழைக்காய், வெள்ளரி, புடலை, முருங்கை, மாங்காய் என்று அதில் ஏழெட்டுக் காய் இருக்கும், ஒவ்வொன்றும் கொஞ்சம்தான். அந்தச் சமையலறைக்குத் தினமும் தேவைப்படுவது ஒரே காய் நூறு கிலோ அல்ல. பத்துக் காய் பத்துப் பத்துக் கிலோ. அது வீட்டுத் தோட்டங்கள் சேர்ந்து தரக்கூடிய சரக்கு. ஒரே காயைப் பெருமளவில் கேட்கும் உணவகம் மொத்தச் சந்தையையும் லாரியையும்தான் நம்பியிருக்கும். சிறு விவசாயி அங்கே நுழைய முடியாது. ராமேசுவரம், வேளாங்கண்ணி, மாமல்லபுரம் போன்ற கடற்கரை ஊர்களைச் சுற்றி நிலம் வைத்திருப்பவர்கள், தங்கள் பக்கத்து உணவகங்கள் இந்த இரண்டில் எந்த வகை என்று பார்த்துவிட்டுக் காய் போடுவது நல்லது. கலப்புப் பயிராகக் காய் போடும் நாலைந்து பேர் சேர்ந்து, தினமும் காலையில் ஒரே நேரத்தில் சரக்கைக் கொண்டுபோய்ச் சேர்க்க முடிந்தால் உணவகக்காரர் அவர்களை விடமாட்டார். ஒரு நாள் வந்து மறுநாள் வராமல் போனால், அடுத்த வாரம் சந்தைக்கே திரும்பிவிடுவார்.

மீன் எந்தத் துறைமுகத்தினுடையது?

அசைவம் சாப்பிடுபவர்கள் கன்னியாகுமரியில் தவறவிடக் கூடாதது மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும். திருவிதாங்கூரை 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா பஞ்சத்துக்கு மாற்றாக மரச்சீனிச் சாகுபடியை ஊக்குவித்தார். ஏழை வீட்டுக் கிழங்காக வந்தது இன்று உணவகப் பலகையில் முதல் வரியில் நிற்கிறது. சேலம், நாமக்கல் பக்கத்தில் ஜவ்வரிசி ஆலைக்கு ஏற்றுகிற அதே கிழங்குதான். ஆலைக்குப் போகும் ரகம் வேறு, சமையலுக்கு ஏற்ற ரகம் வேறு. கசப்பு ரகத்தில் சயனைடு நச்சு கூடுதல். எந்த ரகமானாலும் தோலுரித்து நறுக்கி, நிறைய நீரில் திறந்த பாத்திரத்தில் வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட வேண்டும். வீட்டில் செய்து பார்க்க விரும்புபவர்கள் இதை மறக்கக் கூடாது.

கிழங்குக்குப் பொருத்தம் சாளை மீன் அல்லது அயிலை. விலையும் மலிவு. வஞ்சிரம் கேட்டால் பணம்தான் அதிகம். கிழங்கோடு அது அவ்வளவாகச் சேராது.

மீனைப் பொறுத்தவரை இந்த ஊருக்கு ஒரு தனித்தன்மை உண்டு. விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டு கரையும் சந்திக்கும் இடம் கன்னியாகுமரி. ஊரை ஒட்டியுள்ள சின்னமுட்டம் துறைமுகம் கிழக்குக் கணக்கு. முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் மேற்குக் கணக்கு. ஆக, கோடை விடுமுறையில் ஏப்ரல் பின்பாதியும் மே மாதமும் போகிறவர்களுக்கு விசைப்படகு மீன் மேற்கிலிருந்துதான் வரும். ஜூன் பாதிக்குமேல் சின்னமுட்டம் கைகொடுக்கும். ஜூன் முதல் இரண்டு வாரம் இரண்டு பக்கமும் விசைப்படகு ஓடாது. வள்ளத்திலும் கட்டுமரத்திலும் பிடிக்கிற மீன்தான். அப்போது பெரிய மீன் தாராளமாகக் கிடைக்கிறது என்றால் அது வேறு மாநிலத்திலிருந்து ஐஸில் வந்ததாகவே பெரும்பாலும் இருக்கும்.

சின்னமுட்டம் படகுகள் விடியற்காலையில் போய் அன்றிரவுக்குள் திரும்பிவிடும். மேற்குத் துறைமுகங்களின் பெரிய படகுகளோ பல நாள் ஆழ்கடலில் தங்கி வருபவை. அதனால் தடைக்காலம் இல்லாத மாதங்களில் ‘சின்னமுட்டம் மீனா?’ என்று கேட்பது அர்த்தமுள்ள கேள்வி. கேட்கத் தெரிந்தவர் என்று கண்டால் கடைக்காரரும் பழைய மீனை நீட்டமாட்டார்.

கடற்கரைத் தள்ளுவண்டிகளில் செக்கச்செவேலென்று மசாலா தடவி அடுக்கியிருக்கும் மீன் பிள்ளைகளை இழுக்கும். மீனைப் பார்க்கும் முன் எண்ணெய்ச் சட்டியைப் பாருங்கள். எண்ணெய் கறுத்து, நுரைத்து, புகைந்தால் அது பல தடவை காய்ந்தது. உணவுப் பாதுகாப்பு விதிப்படி எண்ணெயில் சேரும் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது. அதை அளக்கும் கருவி நம் கையில் இல்லை. கண்ணும் மூக்கும் போதும்.

இலையும் பழமும்

குடும்பத்தோடு உட்காரும்போது வாழை இலை போடும் கடையாகப் பார்த்து உட்காருங்கள். தட்டின் மேல் பிளாஸ்டிக் தாள் விரிப்பதும், பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டவை. அந்தத் தடையால் நேரடியாகப் பயன் பெறவேண்டியவர் இலை அறுக்கும் வாழை விவசாயி.

மார்கழியில் முகூர்த்தம் இல்லாததால் மற்ற ஊர்களில் இலைக்குக் கிராக்கி குறைந்துவிடும். கன்னியாகுமரியிலோ கார்த்திகை, மார்கழிதான் ஐயப்ப பக்தர்களின் கூட்டம் அலைமோதும் காலம். சைவக் கடைகளில் பந்தி ஓயாது. கல்யாண மண்டபத்தை மட்டும் நம்பாமல் உணவகத்துக்கும் இலை கொடுப்பவர் மார்கழியைத் தாண்டிவிடுவார். சிக்கல் வருவது ஆனி, ஆடியில். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக அடிக்கிற காற்று இலையைக் கிழித்துப் போடும். கிழிந்த இலையைக் கடைக்காரர் திருப்பிவிடுவார். இலைக்காக வாழை வைப்பவர்கள் தோட்டத்தைச் சுற்றி நெருக்கமாக அகத்தி நட்டுக் காற்றைத் தடுப்பது இதற்காகத்தான்.

இனி மட்டிப் பழம். விரல் பருமனில் சின்னதாக, மணமாக, தேன்போல இனிக்கும் பழம். குமரி மாவட்டத்தில் குழந்தைகளுக்கு முதல் திட உணவாக இதைப் பிசைந்து கொடுப்பார்கள். நாட்டு மட்டி, தேன் மட்டி, செம்மட்டி என்று வகைகளும் உண்டு. 2023-ல் கன்னியாகுமரி மட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் சுற்றுலாத் தெருவில் பழக்கடையில் முன்னால் தொங்குவது கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும் செவ்வாழையும் ஏத்தன் பழமும்தான். சீப்பு சிறிது, பழம் சிறிது, பழுத்தால் அதிக நாள் தாங்காது. கேட்பார் இல்லாமல் கடைக்காரர் ஏன் வாங்கித் தொங்கவிடுவார்? புவிசார் குறியீட்டுச் சான்றிதழ் வாழைத்தாரை விற்றுத் தராது. பெயர் சொல்லிக் கேட்கிற பத்துப் பேர் தினமும் வந்தால், பதினோராம் நாள் மட்டித்தார் தொங்கும். தோட்டக்காரர் அடுத்த பட்டத்தில் மட்டிக் கன்றைப் பிடுங்கிப்போட்டுவிட்டு ஏத்தன் வைப்பாரா, மட்டியையே விட்டுவைப்பாரா என்பது அந்தத் தாருக்குக் கிடைக்கும் விலையைப் பொறுத்தது.

பணம் கொடுக்கும்போது

உட்காருவதற்கு முன் விலைப்பட்டியலைக் கேளுங்கள், குறிப்பாக மீனுக்கு. ‘அளவுச் சாப்பாடு’ இருந்தால் பிள்ளைகளுக்கு அது போதும். ரசீதில் ஜி.எஸ்.டி. போட்டிருந்தால் கடையின் ஜி.எஸ்.டி. பதிவெண்ணும் இருக்க வேண்டும். எண் இல்லாத வெள்ளைச் சீட்டில் வரி கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. சேவைக் கட்டணம் என்று தனியாகச் சேர்த்திருந்தால் அது கட்டாயம் அல்ல, நீக்கச் சொல்லலாம். கடையின் உணவுப் பாதுகாப்புப் பதிவெண் 14 இலக்கத்தில் கண்ணில் படும்படி மாட்டப்பட்டிருக்க வேண்டும்.

ஊருக்கு வாங்கிப்போக

நேந்திரங்காய் சிப்ஸ் எல்லாத் தெருவிலும் கிடைக்கும். தேங்காய் எண்ணெயில் பொரித்ததா, பாமாயிலில் பொரித்ததா என்பதில் விலை வித்தியாசம் பெரிது. தேங்காய் எண்ணெய் விலை கொடுக்கப்போகிறீர்கள் என்றால், ஒன்றை உடைத்து முகர்ந்து பார்த்துவிட்டுக் கொடுங்கள். முந்திரிக்கொத்து என்ற பண்டத்தில் முந்திரியே கிடையாது. சிறுபயறும் வெல்லமும் சேர்த்துப் பொரித்தது, சில நாள் கெடாது. பனை ஏறும் பருவத்தில் போனால் பதநீரைக் கேட்டு வாங்கிக் குடியுங்கள். அங்கே அதற்கு அக்கானி என்று பெயர்.

மட்டிப் பழம் வாங்க நினைப்பவர்கள் நாகர்கோவில் வடசேரி சந்தைக்குப் போவது நல்லது. வேன் பயணத்துக்கு, முழுக்கப் பழுக்காமல் பச்சை மாறத் தொடங்கிய சீப்பாகப் பார்த்து எடுங்கள். சாக்கில் அடைக்காமல் தொங்கவிட்டுக் கொண்டுபோனால், வீடு சேர்ந்த மறுநாள் சாப்பிடத் தோதாக இருக்கும்.