பிக்கப்பின் முதுகில் ஓர் உறைவிடம்

வாகனச் சட்டத்தின்மீது மரத்தாலும் தகட்டாலும் கூடு கட்டும் கைத்தொழில் கொழும்புக்குப் புதியதன்று. 1958ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் தேதி பஸ் சேவை அரசுடைமையாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை தோன்றுவதற்கு முன்னரே, தனியார் கம்பனிகள் ஓட்டிய பஸ்களிற் பல, இயந்திரமும் சசியும் மாத்திரம் கடல் கடந்து வர, இருக்கையும் கூரையும் கொண்ட மர உடலை இந்நாட்டுத் தச்சர்களின் கையாற் பெற்றவையாக இருந்தன. இன்றும் கொட்டாஞ்சேனைத் தெருக்களின் வழியே துறைமுகத்தை நோக்கி நகரும் லொறிகளின் பெட்டிகளையும், வெள்ளவத்தை ஒழுங்கைகளிற் பீத்தோவனின் ‘ஃபியூர் எலிஸ்’ இசையை ஒலித்துக்கொண்டு பாண் விற்க வரும் முச்சக்கர வண்டியின் கண்ணாடி அலமாரியையும் சற்று நின்று பார்ப்பவர்களுக்கு, அந்தக் கைத்திறன் அழிந்துபோகவில்லை என்பது விளங்கும். பிக்கப் வாகனத்தின் தட்டையான பின்மேடையில், உறங்கவும் சமைக்கவும் இயலுமான சிற்றறை ஒன்றை நிர்மாணித்து ஏற்றுவது அதே கைத்திறனின் இன்னொரு கிளை. இந்நாட்டில் இதுவரை போதிய கவனம் பெறாத கிளை.

அமெரிக்க நாவலாசிரியர் ஜோன் ஸ்டைன்பெக் 1960ஆம் ஆண்டில் தம் நாயுடன் தேசத்தைச் சுற்றிவரப் புறப்பட்டபோது, ஜீ.எம்.சீ. பிக்கப் ஒன்றின்மேல் இத்தகைய அறையொன்றை ஏற்றுவித்து, அதற்கு டொன் கிஹோட்டேயின் குதிரையின் பெயரைச் சூட்டினார். அந்த வாகனம் கலிபோர்னியாவின் சலீனாஸ் நகரத்து நூதனசாலையில் இன்றும் பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கிறது. அக்காலத்து அறைகள் பிக்கப்பின் தொட்டிக்குள் அமர்ந்தவை. சக்கரங்களை மூடும் இரு மேடுகளும் தரையில் ஒரு பகுதியைத் தின்றுவிடும். தொட்டியை அகற்றிச் சமதளமான மேடையொன்றைப் பொருத்தினால், வாகனத்தின் முழு அகலமும் அறைக்குக் கிடைக்கிறது. மேடையின் கீழே சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கருவிப் பெட்டிகளைத் தொங்கவிடவும் இடம் உண்டாகிறது. நான்கு மூலைகளிலும் திருகுக் கால்களை நிறுத்தி அறையைச் சிறிது உயர்த்திவிட்டால், வாகனம் அடியிலிருந்து வெளியே ஓடிவிடும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025இல்தான் மீளத் திறந்த நாட்டில், இது அற்பமான சௌகரியமன்று. கிழமை நாட்களிற் கொத்தமல்லி மூட்டை சுமக்கும் அதே பிக்கப், போயா விடுமுறையில் ஒரு குடும்பத்தைத் திருகோணமலைக்கு அழைத்துச் செல்லலாம்.

இக்கலையில் முதற் சாஸ்திரம் நிறையைப் பற்றியது. ஒற்றைக் கபின் கொண்ட பிக்கப் ஒன்று ஏறக்குறைய ஒரு தொன் பாரத்தைச் சுமக்கும் என்பதைக் கேட்டு மனம் மகிழ்பவர், அந்த ஒரு தொன்னிற் பின்மேடையே நூறு கிலோவுக்கு மேல் எடுத்துக்கொள்வதையும், எட்டடிக்கு நாலடி அளவுள்ள 12 மில்லிமீற்றர் ஒட்டுப்பலகை ஒவ்வொன்றும் சுமார் 20 கிலோ நிறுப்பதையும், 60 லீற்றர் நீர் என்பது அட்சரம் பிசகாமல் 60 கிலோ என்பதையும், அவற்றின்மேல் மனிதர்களும் பாத்திரங்களும் படுக்கையும் ஏறவேண்டியிருப்பதையும் எண்ணிப் பார்ப்பதில்லை. நம் தச்சர்களிடம், விசேஷமாக மொறட்டுவைப் பரம்பரையில் வந்தவர்களிடம், கனமான மரமே நீடித்த மரம் என்ற நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது. கட்டிலுக்கும் அலமாரிக்கும் அது உத்தமமான நம்பிக்கை, இங்கோ அதுவே பிரதானமான சத்துரு. மெல்லிய சட்டங்களின் இருபுறமும் மெல்லிய பலகையைப் பசையினால் முழுமையாக ஒட்டி, இடையிலே ரெஜிபோம் போன்ற இலேசான பொருளை நிரப்பினால், கனத்த பலகைச் சுவருக்கு நிகரான விறைப்பு அதன் நிறையில் ஒரு பங்குக்கே கிட்டுகிறது. அறையின் மொத்த நிறையின் மையம் பின்னச்சுக்குச் சற்று முன்னால் விழவேண்டும் என்பதும் மறக்கலாகாது. நீர்த்தொட்டியையும் பட்டரியையும் வாகனத்தின் வாற்புறத்தில் வைத்துவிட்டால், முன்சக்கரங்கள் இலேசாகி, ஸ்டியரிங் சாரதியின் கைக்குப் பணிய மறுக்கும்.

அடுத்து வருவது, இந்தக் கலையின் உயிர்நிலை என்று நான் கருதும் விஷயம். பிக்கப்பின் சசி, இரு நெடுஞ்சட்டங்களைக் குறுக்குச் சட்டங்கள் இணைக்கும் ஏணி வடிவமானது. முன்புறத்து வலச்சக்கரம் கல்லொன்றின்மேல் ஏற, பின்புறத்து வலச்சக்கரம் பள்ளமொன்றில் இறங்கும்போது, அது ஈரத்துணியைப் பிழிவதுபோல் முறுகுகிறது. முறுகுவதற்காகவே அது அவ்வாறு அமைக்கப்பட்டிருக்கிறது. சக்கரங்கள் தரையை விடாமற் பற்றுவதற்கு அந்த முறுகலும் உதவுகிறது. மேலே அமர்ந்த அறையோ மடங்காத பெட்டி. இரண்டையும் நான்கு மூலைகளிலும் போல்ட்டால் இறுக்கிப் பிணைத்தால், ஏதேனும் ஒன்று தோற்றே தீரும்: முதலிற் கதவு இறுகும், பின்னர் யன்னலோரம் மழைநீர் கசியும், அதற்கும் பின்னர் கபினுக்குப் பின்னால் நெடுஞ்சட்டமே வெடிக்கும். இதற்கு ஜெர்மனியின் யூனிமொக் வாகனங்களிற் கையாளப்படும் பரிகாரம் மூன்று புள்ளிகளில் அறையைத் தாங்குவது. இரு புள்ளிகள் அசையாதவை, மூன்றாவது நடுவிலே சுழலக்கூடிய அச்சு. சசி எப்படி முறுகினாலும், மூன்று கால் முக்காலியைப் போல அறை தன் வடிவத்தைக் காத்துக்கொள்ளும். முன்புறத்துப் போல்ட்டுகளின் கீழே வலிய சுருள்வில்களை இட்டு, அறை சற்று எழும்பி மீண்டும் அமர விடுவது இன்னொரு மார்க்கம்.

இவ்விடத்தில் நம் லொறி உடல் கட்டுவோரின் அநுபவத்தை மரியாதையுடன் குறிப்பிடவேண்டும். சசிக்கும் உடலுக்கும் இடையே நீண்ட மரக்கட்டையைப் படுக்கவைத்து, நெடுஞ்சட்டத்திலே துளையிடாமலும் ஒட்டு வைக்காமலும், ‘யூ’ வடிவ போல்ட்டுகளால் அணைத்துக் கட்டும் முறையை அவர்கள் நெடுங்காலமாக அறிந்தவர்கள். மரம் சிறிது நெரிந்து கொடுத்து முறுகலின் ஒரு பகுதியைத் தானே வாங்கிக்கொள்கிறது. துளையும் ஒட்டும் இல்லாமையால் உருக்குச் சட்டத்தின் பலமும் குன்றுவதில்லை. சாமான் பெட்டிக்கு இது போதும். யன்னலும் நீர்க்குழாயும் கொண்ட உறைவிடத்துக்கு, இதனோடு சுருள்வில் உபாயத்தையும் சேர்த்தால் வேண்டியது கிடைத்துவிடும். ஆகவே இக்கலையிற் பாதியை நாம் பிறரிடம் கற்கவேண்டியதில்லை.

குளிர்தேசத்து மாதிரிகளை அப்படியே பின்பற்றுவது நமக்கு உதவாது. அங்கே சுவரின் தடிப்பு உள்ளிருக்கும் உஷ்ணத்தைக் காப்பதற்கு. இங்கே கூரைமேல் விழும் உஷ்ணத்தைத் தடுப்பதற்கு. வெண்ணிறம் பூசிய கூரையும், அதன்மேல் விரலளவு காற்றிடைவெளி விட்டு அமைத்த இரண்டாங் கூரையும், உட்காற்றை மேலே இழுத்தெறியும் சிறு விசிறியும் கொழும்பின் வெக்கையில் மிகப் பயன்படும். ஆண்டுக்கு 2,400 மில்லிமீற்றர் அளவில் மழை பெய்யும் நகரத்தில், மேற்புறம் கீல் வைத்து வெளிநோக்கித் திறக்கும் யன்னலே தக்கது. மழையிலும் அதைத் திறந்துவைக்கலாம். வெள்ளவத்தையிற் கடலோரமாகக் குடியிருப்போர் உப்புக்காற்றின் கொடுமையை அறிவார்கள். உருக்கு மேடையின்மேல் அலுமினியத் தகட்டை நேராக வைத்தால், இடையிற் புகும் உப்புநீர் அவ்விரு உலோகங்களையும் ஒரு பட்டரியின் இரு முனைகளாக்கி, அலுமினியத்தைச் சிறிது சிறிதாக அரித்துவிடும். இடையே ஒரு றப்பர்ப் பட்டியை வைப்பது சிறு செலவு. அதை வைக்காமல் விடுவதை என்னால் மன்னிக்க முடியாது.

உயரத்திலும் ஜாக்கிரதை வேண்டும். றம்பொடையின் வளைவுகளில் ஏறி, கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவுக்குச் செல்லும் வாகனத்தில், நிறையின் மையம் மேலே எழ எழச் சரிவும் அபாயமும் கூடும். கனமானவை யாவும் தரையோடு தரையாக அமையவேண்டும். மேலே படுக்கையும் துணிமணியும் போதும்.

மின்சாரத்தைப் பொறுத்தவரை நம் தேசம் பாக்கியம் பெற்றது. கொழும்பு பூமத்திய ரேகையிலிருந்து ஏழு பாகை வடக்கே இருப்பதால், கூரையிற் கிடையாகப் படுக்கவைத்த சூரியத் தகடே வருஷம் முழுவதும் நல்ல பயன் தரும். ஆனால் 12 வோல்ட்டிலே ஓடும் 60 வோற் விசிறி 5 அம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். வீட்டின் 230 வோல்ட்டில் அதற்குக் கால் அம்பியர் போதும். ஆதலால் வீட்டுக் கம்பியை விடத் தடித்த கம்பியும், பட்டரிக்கு மிக அருகிலேயே பியூஸும் இன்றியமையாதவை. சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையிலே தேங்கும். ஆகவே 2.3 கிலோ சிறு சிலிண்டராயினும், அறையோடு தொடர்பற்றதாய், அடியில் வெளியே திறக்கும் துவாரமுள்ள தனிப் பெட்டியில் வைக்கப்படவேண்டும்.

இவற்றுக்குரிய கீல், பூட்டு, வில், விளக்கு முதலியவற்றிற் பெரும்பாலானவற்றைப் பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகளிலே தேடிக்கொள்ளலாம். இந்த முயற்சியில் இறங்க எண்ணும் அன்பர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இரண்டே காரியங்கள். தச்சரை அழைப்பதற்கு முன், வெற்று வாகனத்தை லொறி நிறுக்கும் எடைமேடைக்குக் கொண்டுசென்று, முன்னச்சையும் பின்னச்சையும் தனித்தனியே நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். அறை பூர்த்தியாகி, நீரும் நிரப்பி, குடும்பத்தையும் ஏற்றிய பின்னர் மறுபடியும் நிறுங்கள். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் வாகனங்களைப் பதிவுசெய்யும் நாரஹேன்பிட்டித் திணைக்களத்தில், உடலமைப்பை மாற்றுவதற்கான அநுமதியைப் பற்றி, முதற் பலகையை அறுப்பதற்கு முன்னரே விசாரித்துவிடுங்கள்.