மெல்லிய மடிக்கணினியில் இடம் போதவில்லையா?

2011-இல் தமிழக அரசு முதன்முதலாக மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினியில் 320 ஜிபி ஹார்டு டிஸ்க் இருந்தது. 2026 ஜனவரியில் 'உலகம் உங்கள் கையில்' திட்டத்தில் கல்லூரி மாணவர்களுக்கு வழங்கத் தொடங்கிய மடிக்கணினியில் இருப்பதோ 256 ஜிபி. அண்ணனுக்குக் கிடைத்ததைவிடத் தங்கைக்கு இடம் குறைவு! நம் ஆலங்குடியிலிருந்து புதுக்கோட்டைக்குப் படிக்கப் போகும் பிள்ளைகளின் வீடுகளிலும் இந்தக் கேள்வி எழுகிறது: புதியதில் ஏன் இடம் குறைந்தது, அதை எப்படிக் கூட்டுவது?

பழையதில் இருந்தது சுழலும் தட்டு. புதியதில் இருப்பது எஸ்.எஸ்.டி. என்னும் சில்லு. இது பல மடங்கு வேகமானது, எடை குறைவு, கீழே தட்டினாலும் எளிதில் கெடாது. ஆனால் ஒரு ஜிபிக்கு ஆகும் விலை அதிகம். அதனால்தான் அளவைக் குறைத்துத் தருகிறார்கள்.

256 ஜிபி என்றாலும் திரையில் சுமார் 238 என்றே காட்டும். யாரும் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024 கணக்கில் எண்ணுகிறது. அதிலும் விண்டோஸ் 11 தனக்கென ஒரு பெரும் பங்கை எடுத்துக்கொள்கிறது.

முதலில் செலவில்லாத வழி

செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் ஸ்டோரேஜ் என்ற பகுதியைத் திறந்தால் எது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று தெரியும். தற்காலிகக் கோப்புகளையும் ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யலாம். ஆனால் அதே பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' என்பதும் இருக்கும். பார்க்காமல் அதை டிக் செய்தால், இறக்கி வைத்த ஹால் டிக்கெட்டும் சான்றிதழும் சேர்ந்தே போய்விடும்.

ஒன்டிரைவ் பயன்படுத்துவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இணையத்தில் ஒரு நகல் இருக்கிறதே என்று கணினியில் டெலீட் செய்தால், இணையத்தில் உள்ளதும் அழியும். கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்து 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' என்பதைத் தேர்ந்தெடுப்பதே சரி.

வெளியே ஒரு பெட்டி

அடுத்தது வெளியில் இணைக்கும் எஸ்.எஸ்.டி. அல்லது ஹார்டு டிஸ்க். வேகம் வேண்டுமென்றால் எஸ்.எஸ்.டி., குறைந்த விலையில் நிறைய இடம் வேண்டுமென்றால் ஹார்டு டிஸ்க். இரண்டையும் யு.எஸ்.பி. 3 துளையில் செருகுவதே நல்லது. பழைய யு.எஸ்.பி. 2-இல் வீடியோ நகலெடுக்க மிக அதிக நேரமாகும்.

மிகக் குறைந்த விலைக்கு '2 டிபி பென் டிரைவ்' என்று ஆன்லைனில் வருவதை நம்ப வேண்டாம். உள்ளே இருப்பது சிறிய சில்லுதான், பெரிய அளவு இருப்பதுபோல் கணினிக்குப் பொய் சொல்லும்படி அமைத்திருப்பார்கள். உண்மையான இடம் நிரம்பிய பிறகு போடும் படங்கள் பெயராக மட்டும் தெரியும், திறக்காது. புதிதாக வாங்கியதை முழுவதும் நிரப்பி, கோப்புகள் திறக்கின்றனவா என்று பார்த்த பிறகே பயன்படுத்துவோம்.

உள்ளேயே மாற்றுவது

பல மெல்லிய மடிக்கணினிகளில் எம்.2 என்ற சிறு பட்டையாக எஸ்.எஸ்.டி. இருக்கும். அதைக் கழற்றி 512 ஜிபி அல்லது 1 டிபி போடலாம். சில கருவிகளில் கூடுதலாக ஒரு காலி இடமும் உண்டு. விலை குறைந்த சிலவற்றில் சில்லைப் போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள், அதை மாற்ற வழியில்லை. எனவே பட்டை வாங்குவதற்கு முன் மாடல் எண்ணைக் கொண்டு மூன்றைக் கேட்டறிய வேண்டும்: மாற்ற முடியுமா, எந்த நீளம், சாட்டாவா என்விஎம்இ-யா? அரசு வழங்கியதாகவோ வாரண்டி உள்ளதாகவோ இருந்தால், திறக்கலாமா என்பதையும் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று முக்கியம். விண்டோஸ் 11 உள்ள பல கணினிகளில் தகவல்கள் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். பழுதுபார்க்கக் கொடுக்கும் முன் பிட்லாக்கர் மீட்புச் சாவி எனும் 48 இலக்க எண்ணை மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எடுத்துத் தாளில் எழுதி வைப்போம். கணினி அதைக் கேட்கும்போது கையில் இல்லாவிட்டால், கடைக்காரராலும் திறக்க முடியாது.

இடம் மாற்றினால் பாதுகாப்பு ஆகிவிடாது

பலரும் தடுக்கி விழுவது இங்கேதான். கணினியில் இருந்ததை வெளி டிஸ்குக்கு மாற்றிவிட்டுக் கணினியில் அழித்தால், இருப்பது ஒரே ஒரு பிரதி. அந்த டிஸ்க் கீழே விழுந்தால் மூன்று ஆண்டுப் படிப்பும் வீட்டுத் திருமணப் படங்களும் ஒன்றாகப் போகும். வெளிநாட்டில் இருக்கும் அத்தா அனுப்பிய குரல் பதிவுகளை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

ஆகவே முக்கியமானவற்றுக்கு இரண்டு இடங்களில் பிரதி இருக்கட்டும். கூகுள் கணக்கில் கிடைக்கும் இலவச 15 ஜிபியில் சான்றிதழ்களையும் புராஜெக்ட்டையும் வைக்கலாம். படங்களுக்கு ஒரு ஹார்டு டிஸ்க் போதும். ஆண்டுக்கு ஓரிரு முறை அதைச் செருகித் திறந்து பாருங்கள். இடம் குறைந்தால் நாளை வாங்கிக்கொள்ளலாம், அழிந்த படத்தை அப்படி வாங்க முடியாது.