சமையற்காரியின் கைகள்

ஆரோக்கியமான ஒரு சமையற்காரி. ஜுரம் என்று படுத்ததாக ஞாபகமே இல்லை. கைமணத்தைப் பற்றியோ கேட்கவே வேண்டாம். அந்தக் கைகளால் வீட்டிலுள்ளவர்களுக்கு வியாதி வரும் என்றால் நம்புவீர்களா?

மேரி மல்லனும் நம்பவில்லை. அயர்லாந்திலிருந்து அமெரிக்காவுக்குப் பிழைக்க வந்தவள் அவள். நியூயார்க் தனவந்தர் வீடுகளில் சமையல் வேலை. 1906-ஆம் ஆண்டு கோடையில் அவள் சமைத்த ஒரு பங்களாவில் 11 பேரில் 6 பேர் டைபாயிடு ஜுரத்தில் விழுந்தார்கள். காரணத்தைத் தேடிப் புறப்பட்ட ஜார்ஜ் ஸோபர் என்ற சுகாதார நிபுணர், கடைசியில் மேரியிடம் வந்து நின்றார். அவளிடம் நோயின் சுவடே இல்லை. ஆனால் அவளுடைய மலத்தில் கிருமி இருந்தது!

கொதிக்கும் குழம்பில் அந்தக் கிருமி பிழைக்காது. மேரியோ பச்சைப் பீச் பழங்களை நறுக்கிப் போட்டு ஐஸ்கிரீம் செய்வதில் கெட்டிக்காரி. அடுப்பில் ஏறாத அந்தப் பண்டத்தின் மீதுதான் ஸோபருக்குச் சந்தேகம்.

1907-இல் அவளை ஒரு தீவில் தனியே வைத்தார்கள். இனிச் சமைப்பதில்லை என்று வாக்களித்து 1910-இல் வெளியே வந்தாள். துணி வெளுக்கும் வேலையில் கூலி குறைவு. பாவம், என்ன செய்வாள்? பெயரை மாற்றிக்கொண்டு மறுபடி கரண்டியைப் பிடித்தாள். 1915-இல் அவள் சமைத்துக்கொண்டிருந்த இடம் எது தெரியுமா? ஒரு பிரசவ ஆஸ்பத்திரி! அங்கே 25 பேருக்கு ஜுரம் கண்டது, இருவர் இறந்தார்கள். மறுபடியும் தீவு. 1938-இல் அங்கேயே அவள் ஆயுள் முடிந்தது.

பழைய கதைதானே என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். முதியோர் இல்லத்தில் உங்கள் பாட்டிக்குக் குழையப் பிசைந்து தரும் தயிர்சாதமும் மறுபடி அடுப்பில் ஏறுவதில்லை. நமக்கு இரண்டு நாள் வயிற்றுக் கோளாறாக முடிவது, தளர்ந்த உடம்பில் உயிருக்கே உலை வைத்துவிடும்.

ஆகவே, அடுத்த தடவை போகும்போது சமையற்கட்டையும் எட்டிப் பாருங்கள். கை கழுவத் தனிக் குழாய் இருக்கிறதா? பக்கத்தில் சோப்பு இருக்கிறதா? கழிவறைக்குப் போய் வந்ததும், உணவைத் தொடுமுன்பும், விரலிடுக்கு, நகக்கண் எல்லாம் 20 விநாடியாவது தேய்த்துக் கழுவுகிறார்களா? கழுவிய கையை அழுக்கு முந்தானையில் துடைத்தால் கழுவியதெல்லாம் வீண்.

இன்னொன்றும் கேளுங்கள்: சமையற்கார அம்மாளுக்கு வயிற்றுப்போக்கு என்றால், சம்பளம் பிடிக்காமல் லீவு கொடுக்கிறீர்களா?

மேரியை மறுபடி அடுப்பங்கரைக்குத் தள்ளியதில் அந்தக் குறைந்த கூலிக்கும் பங்கு உண்டல்லவா?