பெட்டி எங்கே இருக்கிறது?

விமான நிலையத்திலே, சுழன்று வரும் பட்டையருகே நின்று தம் பெட்டியை எதிர்பார்த்திருக்கும் பிரயாணியின் மனநிலையை நேயர்களிற் பலர் அநுபவத்தால் அறிந்திருப்பீர்கள். பெட்டிகள் ஒவ்வொன்றாக வருகின்றன. உரியவர்கள் எடுத்துச் செல்கின்றனர். ஈற்றிலே பட்டை நின்றுவிடுகிறது. நம்முடையதை மட்டும் காணோம். அந்த வேளையில் "பெட்டி எங்கே?" என்ற கேள்விக்கு விடை கூறவென ஒரு சிறு சாதனம் இப்போது வழக்குக்கு வந்துள்ளது. அது செய்யவல்லது என்ன, செய்யமாட்டாதது என்ன என்பது பற்றி இன்று சில வார்த்தைகள் கூற விரும்புகிறேன்.

விமானக் கம்பனியார் பெட்டியின் கைபிடியிற் கட்டிவிடும் பட்டியை நாம் கூர்ந்து நோக்குவதில்லை. அதிலே பத்து இலக்கங்கள் கொண்ட ஓர் எண்ணும், அதனையே கோடுகளாக அச்சிட்ட குறியும், சேரவேண்டிய இடத்தைச் சுட்டும் மூன்று எழுத்துக்களும் உள. கட்டுநாயக்காவுக்கு சி.எம்.பி.; இலண்டன் ஹீத்ரோவுக்கு எல்.எச்.ஆர். பெட்டியின் பிரயாணம் முழுவதும் இப்பட்டியை நம்பியே நடைபெறுகிறது. அது கிழிந்தாலும், பழைய பிரயாணத்தின் பட்டி அகற்றப்படாது தொங்கினாலும் பெட்டி வழிமாறக்கூடும். சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம், 2018ஆம் ஆண்டு யூன் மாதம் முதல், அங்கத்துவக் கம்பனிகள் ஒவ்வொரு பெட்டியையும் நான்கு கட்டங்களிற் பதிவு செய்யவேண்டுமென விதித்தது: பிரயாணியிடமிருந்து ஏற்கும்போது, விமானத்தில் ஏற்றும்போது, இடைவழியிற் கைமாறும்போது, மீண்டும் ஒப்படைக்கும்போது. ஆயினும் அப்பதிவு பெரும்பாலும் கம்பனியாரின் கணினியில் இருந்ததேயன்றி, பெட்டிக்கு உடையவரின் கண்ணிற் படவில்லை. இக்குறையையே புதிய சாதனம் நிரப்ப முற்பட்டது.

இத்தகைய சாதனங்கள் முன்னரே விற்பனையில் இருந்தனவாயினும், 2021ஆம் ஆண்டிலே சம்சுங், அப்பிள் ஆகிய இரு கம்பனிகளும் தத்தம் சாதனங்களை வெளியிட்ட பின்னரே அவை பலர் கைக்கும் வந்தன. அப்பிளின் எயார்டாக் 11 கிராம் நிறையுடையது. விட்டம் 32 மில்லிமீற்றர். நாணயம் போன்ற ஒரு பற்றரி ஏறக்குறைய ஓராண்டுக்கு அதனை இயக்கும்.

இது வானத்துச் செய்மதிகளுடன் பேசித் தன் இருப்பிடத்தை அறிகிறது என்று பலர் எண்ணுகின்றனர். அஃது அவ்வாறன்று. தான் எங்கே இருக்கிறது என்பது அதற்கே தெரியாது. அஃது ஒரு சின்னஞ்சிறு ஒலிபரப்பி எனலாம். ஆனால் நம் வானொலியைப்போல் நாடு முழுவதும் கேட்கும் குரல் அதற்கில்லை. சில பத்து மீற்றர் தூரத்துக்குள் மட்டுமே கேட்கும் மெல்லிய குரலில், அடிக்கடி மாறும் ஓர் இரகசிய எண்ணை அது சொல்லிக்கொண்டே இருக்கிறது. அவ்வழியே செல்லும் யாரோ ஒருவரின் கைத்தொலைபேசி அதனைக் கேட்கிறது. தான் நிற்கும் இடத்தை அதனுடன் சேர்த்து, பூட்டிய கடிதம்போல மறைகுறியில் அனுப்பிவிடுகிறது. அதனைத் திறக்கும் திறவுகோல் பெட்டிக்கு உடையவரிடமே உண்டு. தொலைபேசிக்காரர் இதனை அறியமாட்டார். முன்பின் அறியாத மனிதர் ஒருவர் நம் பெட்டியைப் பற்றி நமக்குச் செய்தி அனுப்புகிறார், தமக்கே தெரியாமல்!

இதிலிருந்து ஒன்று விளங்கும். நாம் திரையிற் காண்பது பெட்டியின் இடமன்று. அதனருகே சென்ற தொலைபேசியின் இடம். விமானம் பறக்கும்போதும், ஆள்நடமாட்டமற்ற களஞ்சியத்திலும் செய்தி நின்றுவிடலாம். ஆகவே இடத்தைக் காட்டும் புள்ளியிலும் பார்க்க, அதன் கீழே தரப்படும் நேரமே முதலிற் கவனிக்கற்பாலது. ஆறு மணி நேரத்துக்கு முந்திய செய்தியை இப்போதைய செய்தியென மயங்கி, அதிகாரியுடன் வாதாடுவதிற் பயனில்லை.

2022ஆம் ஆண்டுக் கோடையில், கொவிட் தொற்றின் பின் பிரயாணிகள் திரண்டபோது, ஆட்பற்றாக்குறையால் ஹீத்ரோவிலும் ஐரோப்பாவின் பிற விமான நிலையங்களிலும் பெட்டிகள் குவிந்து கிடந்தன. அப்பொழுதே இச்சாதனத்தின் பெயர் எங்கும் பரவிற்று. அவ்வாண்டு ஒக்ரோபரில் ஜேர்மனியின் லுப்தான்சா கம்பனி, விமானத்தில் ஏற்றும் பெட்டிகளுள் இதனை அணைத்துவைக்க வேண்டுமெனக் கூறியது. அணைத்தபின் அதனால் யாது பயன் எனப் பிரயாணிகள் வினவினர். சில நாட்களுள், அந்நாட்டு விமானத்துறை அதிகாரிகளும் ஆபத்தில்லை என உடன்பட, கம்பனி தன் கூற்றை மாற்றிக்கொண்டது. அமெரிக்க விமானத்துறை 0.3 கிராம் வரை லிதியம் கொண்ட இத்தகைய சாதனங்களைப் பெட்டியில் வைக்க அனுமதிக்கிறது. நாணயப் பற்றரியில் இருப்பதோ ஏறத்தாழ 0.1 கிராம். ஆயினும் உதிரி லிதியம் பற்றரிகளைக் கைப்பையிலேயே கொண்டுசெல்லல் வேண்டும்.

இனி, இச்சாதனத்தால் ஆகாதது பற்றி. என் தமக்கையார் தம் மகனின் திருமணத்துக்காக ரொறன்ரோவுக்குச் சென்றார். கூறைச்சேலை பெட்டியில், தாலி கைப்பையில். பெட்டி வந்து சேரவில்லை. "அஃது இங்கேதான் எங்கோ இருக்கும்" என்றார் கருமபீடத்தில் இருந்தவர். தமக்கையார் தொலைபேசியை நீட்டினார். விமானம் மாறிய நகரத்திலே, இருபது நிமிடங்களுக்கு முன் பெட்டி காணப்பட்டதாக அது காட்டிற்று. அதன்பின்னரே அந்நகருக்குச் செய்தி போயிற்று. பெட்டி நான்காம் நாள் வந்தது. திருமணமோ மூன்றாம் நாள். அங்கே கடையில் வாங்கிய வேறொரு கூறையைத்தான் மருமகள் உடுத்தாள். மூன்று நாளும் பெட்டி இருந்த இடம் எங்கள் எல்லோருக்கும் தெரிந்தேயிருந்தது. எடுத்துவர வழியில்லை. தெரிந்திருந்ததால் தம் வேதனை கூடியதேயன்றிக் குறையவில்லை என்று தமக்கையார் இன்றும் சொல்வார். என் அபிப்பிராயம் வேறு. அந்தப் புள்ளியைக் காட்டாதிருந்தால் பெட்டியை ரொறன்ரோவிலேயே இன்னும் சில நாட்கள் தேடியிருப்பார்கள்.

எனவே மருந்து, பத்திரம், கூறை போன்றவை கைப்பைக்கே உரியன. பெட்டி வராவிடின், விமான நிலையத்தை விட்டு நீங்குமுன் எழுத்தில் முறையிட்டு, முறைப்பாட்டின் இலக்கத்தைப் பெறுதல் வேண்டும். 1999ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கை செல்லும் பிரயாணங்களில், சேதமடைந்த பெட்டிக்கு ஏழு நாட்களுள்ளும், தாமதித்து வந்த பெட்டிக்கு, அது கைக்கு வந்த நாளிலிருந்து இருபத்தொரு நாட்களுள்ளும் எழுத்தில் முறையிடவேண்டும். இருபத்தொரு நாட்களாகியும் வராத பெட்டியைத் தொலைந்ததாகக் கொண்டு நட்டஈடு கோரலாம். சாதனம் காட்டும் புள்ளி முறைப்பாட்டுக்குத் துணையாகுமேயன்றி அதற்கு ஈடாகாது. 2024ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து, அப்பிள் சாதனம் உடையவர்கள் பெட்டியின் இருப்பிடத்தைக் காட்டும் இணைப்பை விமானக் கம்பனிக்கே அனுப்பலாம். ஏழு நாட்களில் அது தானாகவே காலாவதியாகும்.

சாதனத்தோடு கூடிய பெட்டியை மற்றொருவருக்கு இரவல் கொடுப்போர் அதனை முன்னரே சொல்லிவிடுதல் நன்று. பிறரை இரகசியமாகப் பின்தொடரவும் இது பயன்பட்டமையால், அந்நியச் சாதனம் ஒன்று கூடவே வருகிறதென எச்சரிக்கும் ஏற்பாட்டை அப்பிளும் கூகிளும் 2024ஆம் ஆண்டில் இணைந்து செய்துள்ளன. இரவல் வாங்கியவரின் தொலைபேசி நடுவழியில் அவரைத் திடுக்கிடச் செய்யும்.

புதிய பற்றரி வாங்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். குழந்தைகள் விழுங்காதிருக்கக் கசப்புப் பூசிய பற்றரிகள் சில கடைகளில் உள. அப்பூச்சினால் மின்தொடர்பு தடைப்பட்டு, எயார்டாக் இயங்காது போகலாம். பற்றரியை மாற்றியதும், அது தொலைபேசியில் தெரிகிறதா எனப் பார்த்த பின்பே பெட்டியைப் பூட்டுங்கள்.