இன்சுலினைச் சிதைக்கும் நொதியும் அதை இனங்காட்டும் எதிர்ப்பொருளும்

குற்றாலத்து அருவிநீர் சிற்றாறாய் வடிந்தோடாமல் விழுந்த இடத்திலேயே தேங்கினால் என்னாகும்? இன்சுலினும் அவ்வாறே. 1921-இல் பாண்டிங்கும் பெஸ்ட்டும் பிரித்தெடுத்த அப்பொருள், குருதிச் சர்க்கரையைத் தணித்தபின் உடலில் தங்கலாகாது. தங்கினால் சர்க்கரை மிகத் தாழ்ந்து உயிருக்கே இடராகும். அதைச் சிதைக்கும் நொதி ஒன்றை 1949-இல் மிர்ஸ்கி முதலியோர் அறிவித்தனர்.

உயிரணுவிலுள்ள ஆயிரக்கணக்கான புரதங்களிடையே அந்நொதியைக் காண்பது எங்ஙனம்? சாரல் விழாக் கூட்டத்தில் தாய் தன் பிள்ளையை இனங்காண்பதுபோல, அதனை மட்டும் பற்றும் எதிர்ப்பொருளை நீரிழிவு ஆய்வர்கள் பயன்படுத்துகின்றனர். அதனுடன் பிணைத்த ஒளிர்பொருள் நொதியின் இடத்தையும் அளவையும் காட்டும்.

ஆயினும் ஆள்மாறாட்டம் நேரலாம். ஆகவே, அந்நொதியே இல்லாத உயிரணுவிலும் சோதிப்பர்; அங்கும் ஒளி தோன்றினால் அது பொய்ச்சாட்சியே. கருவியை முதலில் ஐயுறுவதே அறிவியலின் ஒழுக்கம்.