நாய்க்குப் பாடம், வீட்டாருக்கும் பாடம்

மனிதன் முதன்முதலில் பழக்கிய விலங்கு நாயே என்பது அறிஞர் துணிபு. ஜெர்மனியில் பான் நகரை அடுத்த ஓபர்காசல் என்னுமிடத்தில் 1914ஆம் ஆண்டில் ஒரு பழங்காலப் புதைகுழி அகப்பட்டது. அதனுள் ஓர் ஆடவன், ஒரு பெண் ஆகியோரின் எலும்புகளோடு நாயின் எலும்புகளும் இருந்தன. அக்குழிக்கு வயது ஏறத்தாழ 14,000 ஆண்டுகள். மனிதன் உழவு கற்பதற்கு முன்பே நாய் அவன் பக்கத்தில் இருந்தது.

இத்துணை நெடுங்காலம் உடன் வாழ்ந்த விலங்கு நம் சொல்லைத் தானே அறிந்துகொள்ளும் எனப் பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. நாய்க்குச் சொல் என்பது வெறும் ஒலி. அவ்வொலிக்குப் பொருள் ஏற்றுவதே பயிற்சி.

இரு ஆராய்ச்சிகள்

ருஷ்ய அறிஞர் பாவ்லாவ், செரிமான ஆராய்ச்சிக்காக 1904இல் நோபல் பரிசு பெற்றவர். உணவு வாயில் படுமுன்பே, அதைக் கொண்டுவரும் ஆளைக் கண்ட மாத்திரத்தில் நாய்க்கு உமிழ்நீர் ஊறுவதை அவர் கவனித்தார். உணவுக்கு முன் தாளக்கருவியின் ஒலியைப் பன்முறை கேட்கச் செய்தார். பின்னர் அவ்வொலி ஒன்றே உமிழ்நீரை வரவழைத்தது.

அமெரிக்க உளநூலறிஞர் தார்ண்டைக், பசித்த பூனைகளைக் கூண்டில் அடைத்துச் செய்த சோதனைகளை 1898இல் வெளியிட்டார். தற்செயலாகத் தாழைத் தட்டி வெளியேறி உணவு பெற்ற பூனை, நாளடைவில் அதே செயலை விரைந்து செய்தது. பயன் தந்த செயல் நிலைக்கும். பயன் தராத செயல் மறையும். நாய்ப் பயிற்சி முழுவதும் இவ்விரு உண்மைகளின்மேல் நிற்பது.

முதற்பாடங்கள்

"உட்கார்": சிறு இறைச்சித் துண்டை நாயின் மூக்கருகே பிடித்து, தலைக்கு மேலாக மெல்லப் பின்னே நகர்த்துக. தலை நிமிரும்போது பின்புறம் தானே தாழும். தரையில் பட்ட அக்கணமே துண்டைக் கொடுத்திடுக. சற்றுத் தாமதித்தால் நாய் எழுந்துவிடும். எழுந்ததற்கே பரிசு என்று அது கொள்ளும். செயல் பழகிய பின் சொல்லைச் சேர்த்திடுக.

"வா": இது நாயின் உயிரைக் காக்கும் சொல். சாலைக்கு ஓடும் நாயைத் திருப்புவது இதுவே. ஆகவே அழைத்து வந்த நாயை ஒருபோதும் திட்டலாகாது. குளியலை வெறுக்கும் நாயை "வா" என்று அழைத்துக் குளிப்பாட்டுதலும் தவறு. நாமே சென்று அழைத்து வருதல் நன்று.

"இரு": முதலில் இரண்டு நொடி, பின் ஐந்து நொடி. காலம் நிலைத்த பிறகே ஓரடி, ஈரடி என விலகுக.

நடை: நாய் வாரை இழுத்தால் அசையாது நின்றுவிடுக. வார் தளர்ந்ததும் நடந்திடுக. இழுத்தால் வழி கிடைக்காது என்பதை அது தானே அறியும்.

ஒரு வேளைக்கு ஐந்து நிமிடம் போதும். உணவு நேரத்திற்கு முன் பழக்குவது சிறப்பு. வெங்காயம் நாய்க்கு நஞ்சு. எனவே கறிக்குழம்பில் கிடந்த துண்டுகளைப் பரிசாகத் தருதல் கூடாது. பாடம் பழகிய பின் பரிசை இடையிடையே மட்டும் கொடுத்தால் பழக்கம் உறுதிப்படும்.

ஒரு வீடு, ஒரு சொல்

அப்பா "உட்கார்" என்கிறார். மகள் "சிட்" என்கிறாள். பாட்டி "உக்காருடா" என்கிறார். நமக்கு மூன்றும் ஒன்று. நாய்க்கோ மூன்றும் வெவ்வேறு. எம்மொழியாயினும் குற்றமில்லை, வீட்டார் அனைவரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும். மேசையருகே ஒருவர் விரட்ட, மற்றொருவர் மறைவாக ஊட்டினால், நாய் கற்பது பிச்சையெடுக்கும் பாடமே.

அடி உதவுமா?

நாய் செருப்பைக் கடித்து ஒரு மணி நேரம் கழித்து அடித்தால், அடியையும் செருப்பையும் அது இணைத்துப் பார்ப்பதில்லை. அடித்த கையைத்தான் அஞ்சும். அச்சம் முற்றினால் கடியாக மாறும். "தலைகுனிந்து நிற்கிறதே, குற்றத்தை உணர்ந்தது" என்பர் சிலர். அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் 2009இல் இதனைச் சோதித்தார். தின்பண்டத்தைத் திருடிய நாய், திருடாத நாய் ஆகிய இரண்டும், உரிமையாளர் அதட்டியபோது அதே முகத்தைக் காட்டின. அது குற்றவுணர்ச்சி அன்று. நம் கோபத்திற்கு நாய் தரும் மறுமொழி.

அடுக்குமாடியில்

சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் அனுமதிக்கப்பட்ட சிற்றின நாய்களையே வளர்க்கலாம் என்பது பொது விதி. 2012இல் தொடங்கிய "அடோர்" திட்டம், உள்ளூர்க் கலப்பின நாய்களுக்கும் அவ்வீடுகளின் கதவைத் திறந்தது. தத்தெடுப்போர் நாய்க்குப் பணிவுப் பயிற்சி அளிக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனைகளுள் ஒன்று. இந்நிபந்தனை பொருளுடையது. சுவருக்குச் சுவர் ஒட்டிய வீட்டில், ஓயாது குரைத்து மின்தூக்கியில் பாயும் நாய்மேல் அண்டை வீட்டார் புகார் எழுப்புவர். அப்போது வீட்டை இழப்பது நாய்தான்.

ஆகவே பயிற்சி என்பது வேடிக்கை காட்டும் வித்தையன்று. நாய் தன் வீட்டிலேயே வாழ்நாள் முழுதும் இருப்பதற்கான வழி. அதற்கு வேண்டியவை ஒரே சொல், உடனடிப் பரிசு, நாள்தோறும் சில நிமிடப் பொறுமை. இவற்றை முதலில் கற்க வேண்டியவர் வீட்டாரே.