வாதுக்கு அல்ல

ஆலுவாவில் பெரியாற்றங்கரையில் இருக்கிறது ஸ்ரீ நாராயண குரு நிறுவிய அத்வைத ஆசிரமம். எர்ணாகுளத்துக்கு வடக்கே உள்ள ஊர் ஆலுவா. 1924-ல், சிவராத்திரியை ஒட்டி, இங்கே சர்வமத மாநாடு கூடியது. தலைமை வகித்தவர் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த தமிழர் சதாசிவ ஐயர். மாநாட்டு வாயிலில் குரு ஒரு வாசகத்தை எழுதிவைக்கச் செய்தார். வாதாடி வெல்வதற்காக அல்ல, அறியவும் அறிவிக்கவுமே இந்தக் கூட்டம் என்பது அதன் பொருள். மதமாற்றம் பற்றிக் காரசாரமான பேச்சு நடந்துகொண்டிருந்த காலம் அது. பல மதத்தவரும் ஒரே மேடையில் பேச, சண்டை மூளாமல் மாநாடு நடந்தேறியது. வாயில் வாசகத்துக்கும் அதில் பங்குண்டு என்றே சொல்ல வேண்டும்.

குருவின் வாக்குகள் பெரும்பாலும் இப்படிக் குறுகியவை. காரியத்தோடு சேர்ந்தே வந்தவை. திருவனந்தபுரத்துக்கு அருகிலுள்ள முருக்கும்புழையில், 1922-ல், சிலைக்குப் பதிலாக ஓம் என்பதோடு சத்தியம், தர்மம், தயை, சாந்தி என்ற சொற்கள் பொறித்த தகட்டையே பிரதிஷ்டை செய்தார். சேர்த்தலை அருகே களவங்கோட்டில், 1927-ல், கண்ணாடியை நிறுவினார். வணங்க வருபவர் தம்மையே அதில் பார்க்கலாம்.

மலையாளம், சமஸ்கிருதம் இரண்டோடு தமிழிலும் பாடல் இயற்றியவர் குரு. திருக்குறளின் சில அதிகாரங்களை மலையாளத்தில் தந்தவரும் அவரே.